டிஸ்க்குக்கு அடியில் பத்து வெள்ளிக்கிழமை, ஒரு திங்கட்கிழமை

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். உங்களுக்காக வேறு ஒரு கட்டுரையை எழுதி முடித்து, சேமிப்பதற்கான பட்டனைத் தட்டினேன். முடியாது என்று சொல்லிவிட்டது கம்ப்யூட்டர்.

இடம் இல்லையாம்.

இதை என்னிடமா சொல்வது? மும்பை செம்பூரில் இரண்டு பெட்ரூம் வீட்டில் தனி ஆளாக இருக்கிறேன். உள் அறைக்குத் துணி காயப்போட மட்டும்தான் போகிறேன். இடத்துக்கு எனக்குக் குறைச்சலே கிடையாது.

புதிதாக வந்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தாராவியில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, ஐரோலியில் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் சிஸ்டம் அட்மினாக இருந்தவன். அதாவது, நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. போன மார்ச்சில் ரிட்டயர் ஆனேன். ஒன்பது வருஷமாக இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி வடிவு இறந்து பதினான்கு மாசம் ஆகிறது.

பேசிக்கொண்டிருக்கிறேன் என்றா சொன்னேன்? உண்மையில் பேச்சு ரொம்பக் குறைவு. பால்காரர் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். கீழே வாட்ச்மேன் "சப் டீக், சாப்?" என்று நலம் விசாரிப்பார். "சப் டீக்" என்பேன். அன்றைய கோட்டா முடிந்தது. சில நாள் மத்தியானம் போன் அடிக்கும்போது குரல் அடைத்துக்கொண்டிருக்கும் — காலையிலிருந்து அதற்கு வேலையே இல்லை. எடுத்தால், இன்சூரன்ஸ் வேண்டுமா என்று ஒரு பெண் ஹிந்தியில் கேட்பாள். வேண்டாம் என்பதைக்கூடக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்கிறேன்.

அதனால் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியதும் எனக்குக் கோபம் வரவில்லை. யாரோ வம்புக்கு இழுத்த மாதிரி, உள்ளூர சந்தோஷமாகவே இருந்தது. என்ன ஏது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், பரீட்சை எல்லாம் வைக்க மாட்டேன்.

என் வீட்டுக் கம்ப்யூட்டர், டிவிக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே லினக்ஸ். பக்கத்தில், தனி அடாப்டரோடு, ஒரு கறுப்பு டிஸ்க். லினக்ஸ் மாதிரி யூனிக்ஸ் குடும்பத்துக் கம்ப்யூட்டர்களில் சி டிரைவ், டி டிரைவ் என்று தனித்தனி வீடு கிடையாது. எல்லாம் ஒரே கூட்டுக் குடும்பம். வெளியிலிருந்து ஒரு டிஸ்க் வந்தால், அதை ஏதாவது ஒரு காலி ஃபோல்டரின் மேல் ஏற்றி உட்காரவைக்க வேண்டும். இதற்கு மவுண்ட் என்று பெயர். இறக்குவது அன்மவுண்ட்.

ஒவ்வொரு முறையும் கையால் ஏற்றி இறக்குவது பெரிய தொல்லை. அதற்காக வந்ததுதான் ஆட்டோமவுண்ட். யாராவது அந்த ஃபோல்டரைத் தொட்டால் டிஸ்க் தானாக ஏறிக்கொள்ளும். ஒரு நிமிஷம் யாரும் தொடவில்லையா… சத்தமில்லாமல் தானாக இறங்கிவிடும். அந்த ஒரு நிமிஷம் நான் வைத்த கணக்கு. நீங்கள் பத்து நிமிஷம்கூட வைத்துக்கொள்ளலாம்.

யோசித்துப் பார்த்தால், நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் இல்லையா? கல்யாணம், காரியம் என்று யாராவது தொட்டால் சட்டென்று ஏறிவிடுகிறோம். சித்தப்பா, பெரியம்மா, மச்சான் எல்லாம் வரிசையாகத் தெரிகிறார்கள். பந்தி முடிந்து கை கழுவி ஒரு நிமிஷம் ஆனதும் ஒவ்வொருவராக இறங்கிக்கொள்கிறோம். வடிவின் பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் கிளம்பிய சாயங்காலம் எனக்கு இது நன்றாகப் புரிந்தது.

சரி, அந்தக் கறுப்பு டிஸ்க்கில் என்ன இருக்கிறது?

வடிவின் குரல் இருக்கிறது.

வடிவுக்கு ஒரு தங்கை. பெயர் செல்வி. தாராவியில் இருக்கிறாள், வீட்டில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் படித்தது ஹிந்தி மீடியம். தமிழ் வாசிக்க வராது. அதனால் அக்காவும் தங்கையும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும், நான் ஆபீஸ் போன பிறகு, வடிவு என் பத்தியைச் சத்தமாக வாசித்து போனில் பதிவு செய்து தங்கைக்கு அனுப்புவாள். அடுத்த பக்கத்தில் வரும் சமையல் குறிப்பையும் வாசிப்பாள். செல்வி தைத்துக்கொண்டே கேட்பாள்.

வடிவின் போனில் இருப்பதையெல்லாம் தினமும் சாயங்காலம் இழுத்து டிஸ்க்கில் போடும்படி நான் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம், எழுதிவைத்திருந்தேன். தொழில் புத்தி. ஆனால் அந்தப் பதிவுகளில் ஒன்றைக்கூட அவள் இருந்தவரை நான் கேட்டதில்லை. நான் எழுதியதுதானே, அதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

இப்போது நான் சொல்லத் தயங்குகிற பகுதி.

அவள் இறப்பதற்குப் பத்துப் பதினோரு வாரம் முன்னால், இதே பக்கத்தில் அவளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். என் மனைவி தங்கையோடு தினம் இரண்டு மணி நேரம் போனில் பேசுகிறாள், எங்கள் ஆபீஸ் சர்வர்கூட நடுவில் ஒருமுறை ஓய்வெடுக்கும், அவள் எடுப்பதில்லை — இந்த ரீதியில். நிறையப் பேர் ரசித்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, நானும் ரசித்துத்தான் எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை செம்பூர் ஸ்டேஷன் பக்கம் காய்கறி வாங்கப்போன வடிவிடம், கீரைக் கடையில் நின்ற இரண்டு பெண்கள், "என்ன மாமி, இன்னிக்கு போன் இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். அன்று நான் லீவில் வீட்டில் இருந்தேன். வந்து பையைக் கீழே வைத்தாள்.

"ஊரு சிரிக்கதுக்கு ஒங்களுக்கு நான்தான் கெடச்சேனா?" என்றாள்.

"அட, சும்மா தமாஷுக்கு எழுதுனது. காலிபீலி வீணா கோவப்படாத" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அதற்கு அப்புறம் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சண்டை எல்லாம் இல்லை. சாப்பாடு வந்தது, டீ வந்தது, சட்டை இஸ்திரிக்குப் போய் வந்தது. பேச்சுதான் வரவில்லை. இரண்டொரு வாரத்தில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நானும் காலையில் வாஷியில் ரயில் மாறி ஐரோலி போய், ராத்திரி அதே வழியில் திரும்பி… அப்படியே ஓடிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அதே ஸ்டேஷன் வாசலில், காய்கறிப் பையோடு விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். கையிலிருந்த போன் அந்தக் கூட்டத்தில் எங்கேயோ போனது, கிடைக்கவே இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு, குரலாவது இருக்குமே என்று டிவிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். டிஸ்க்கின் பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது.

மறுபடி செருகி, திறந்து பார்த்தேன். அவள் வாசித்த பதிவுகள் இருந்தன. வரிசையாக, வாராவாரம். ஆனால் அவளைக் கிண்டல் செய்து நான் எழுதிய அந்த வாரத்துக்கு முந்தின வாரத்தோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

வேறு எப்படி அர்த்தம் செய்துகொள்வது? கோபத்தில் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். என் எழுத்தை வாசிப்பதை நிறுத்திவிட்டாள். முதல் வாரத்திலிருந்து என்னை விடாமல் படித்த ஒரே ஆள், கடைசிப் பதினோரு வாரம் படிக்கவில்லை. பதினான்கு மாசமாக எனக்கு இதுதான் தெரியும். ஒவ்வொரு வாரமும் இந்தப் பக்கத்தை எழுத உட்காரும்போது முதலில் நினைவுக்கு வந்ததும் இதுதான்.

செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டிருக்கலாம். "ஆமா அத்தான், அக்கா நிறுத்திட்டா" என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். செல்வியும் என்னைக் கூப்பிடவில்லை. அவளுக்கும் என் மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். கருமாதிக்குப் பிறகு தாராவிப் பக்கமே நான் போகவில்லை.

இனிமேல் எந்த டிஸ்க்கும் இப்படி எனக்குத் தெரியாமல் போகக் கூடாது என்றுதான் அன்றைக்கே ஆட்டோமவுண்ட் போட்டேன். தொட்டதும் ஏறும்படி. அந்த ஃபோல்டரை நான் எப்போது திறந்தாலும் டிஸ்க் உடனே வந்து நிற்கும், பழைய பதிவுகள் தெரியும், அந்த வாரத்துக்கு முன்னால் நிற்கும். ஒழுங்காக வேலை செய்தது.

திரும்ப செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க், அதாவது பெட்டிக்கு உள்ளேயே இருப்பது, முழுசாக நிறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டியது. சரி, எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். பாதிதான் வந்தது. மீதிப் பாதி எங்கே? ஒருமுறை அணைத்துப் போட்டேன். மாறவில்லை. மறுபடி கூட்டினேன். அதே பாதி. ஆபீஸில் இப்படி ஒரு கேஸ் வந்தால், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நானே கேட்பேன், "ஏதாவது மவுண்ட்டுக்கு அடியில பாத்தீங்களா?" என்று. அந்தக் கேள்வியை என்னையே கேட்டுக்கொள்ள எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

விஷயம் இதுதான். டிஸ்க்கை ஒரு ஃபோல்டரின் மேல் ஏற்றுவது, தரையில் பாய் விரிக்கிற மாதிரி. தரையில் ஏற்கெனவே ஏதாவது கிடந்தால் அது எங்கேயும் போய்விடாது. பாய்க்கு அடியில் அப்படியே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். ஆட்டோமவுண்ட் வேறு போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். தரையைப் பார்க்கலாம் என்று நீங்கள் குனிந்த மறு நொடி அது பாயை விரித்துவிடும். பதினான்கு மாசமாக நான் குனிந்த ஒவ்வொரு முறையும் விரித்திருக்கிறது.

ஆட்டோமவுண்ட்டை நிறுத்தினேன். டிஸ்க் இறங்கியது. காலியாக இருக்க வேண்டிய அந்த ஃபோல்டரைத் திறந்தேன்.

காலியாக இல்லை. வடிவின் போனில் இருந்த அத்தனையும் அங்கே இன்னொரு முழுப் பிரதியாகக் கிடந்தது. போட்டோக்கள், செல்வி மகள் கல்யாண வீடியோ, கோவில் கும்பாபிஷேகம்… அவற்றுக்குக் கீழே பதிவுகள். தேதி பார்த்தேன். அந்தக் கட்டுரை வந்து மூன்றாம் நாள் ஒன்று — வெள்ளிக்கிழமை அல்ல, திங்கட்கிழமை. அப்புறம் வரிசையாகப் பத்து வெள்ளிக்கிழமை.

எழுந்து போய் டீ போட்டேன். குடிக்கவில்லை. திட்டிவைத்திருப்பாளோ என்று ஒரு பக்கம் பயம். திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்று இன்னொரு பக்கம் ஏக்கம். சத்தியமாகச் சொல்கிறேன், திட்டு என்றாலும் புதுசாக ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து கேட்டுப் பதினான்கு மாசம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமைப் பதிவைத் தட்டினேன்.

"செல்வி, இந்த வாட்டி லேட்டாயிட்டு. கோவத்துல இருந்தேன். கேளு" என்று ஆரம்பித்து, அவளைக் கிண்டல் செய்து நான் எழுதியதை, தலைப்பிலிருந்து கடைசி வரி வரை, ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். சர்வர் ஜோக் வந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முடித்தாள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள்:

"ரெண்டு மணி நேரம் பேசுதேனாம். பொய் இல்ல, பேசுதேன். ஆனா எதுக்குப் பேசுதேன்னு ஒங்க அத்தான் எழுதல பாத்தியா? இந்த வீட்டுல எனக்குப் பேச வேற யாரு இருக்கா?"

பதிவை நிறுத்திவிட்டேன்.

இந்த வீடு எனக்குப் பதினான்கு மாசமாகத்தான் இப்படி. அவளுக்கு எத்தனை வருஷம் இப்படி இருந்தது? காலை எட்டுக்கு நான் போய், ராத்திரி எட்டரைக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே போனில் ஆபீஸ் மெயில் பார்த்து… இந்த ஹால், இந்த ஃபேன் சத்தம், கீழே வாட்ச்மேனின் ரேடியோ. இதையெல்லாம் அவள் தினம் பன்னிரண்டு மணி நேரம் தனியாகக் கேட்டிருக்கிறாள். அதிலிருந்து தப்பிக்க ஒரு தங்கையைப் பிடித்துவைத்திருந்தாள். அதைத்தான் நான் ஜோக் ஆக்கி உங்களுக்குக் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மிச்சத்தை எழுதுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி தட்டினேன். சமையல் குறிப்புக்குப் போகுமுன் நடுவில் நிறுத்தினாள்.

"தோ மினிட் இரு செல்வி, போன்ல சார்ஜ் இல்ல. பிளக்கு ஒண்ணுகூட காலியா இல்ல… இந்த கறுப்பு டப்பாவ எடுத்துட்டு மாட்டுதேன். அவியளுக்குத் தெரிஞ்சா கத்துவாவ. பொறவு மாட்டிருவோம்."

பொறவு மாட்டவில்லை. மறந்துவிட்டாள். அவ்வளவுதான்.

கோபமும் இல்லை, பிடுங்கி எறிதலும் இல்லை. என் எழுத்தை வாசிப்பதற்கு போனில் சார்ஜ் வேண்டியிருந்தது, அதற்காக என் டிஸ்க்கின் பிளக்கை எடுத்தாள். அடுத்து நடந்தது முழுக்க என் கைவேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் தானாக ஒருமுறை அணைந்து எழும்படி வைத்திருந்தேன். எழும்போது டிஸ்க் இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு வார்த்தை எழுதிவைத்திருந்தேன்: நோஃபெயில். அதாவது, "டிஸ்க் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நிற்காதே, கத்தாதே, உன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இரு." கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. டிஸ்க் இல்லாத வெறும் ஃபோல்டரில், ஸ்கிரிப்ட் வடிவின் போனை முதலிலிருந்து புதிதாக நிரப்ப ஆரம்பித்தது. பதினோரு வாரம். ஆபீஸில் ஒரு டிஸ்க் பத்து நிமிஷம் காணாமல் போனால் எனக்கு மூன்று இடத்திலிருந்து அலாரம் வரும். வீட்டில் அலாரம் வைக்கத் தோன்றவில்லை.

பத்து வெள்ளிக்கிழமைகளையும் அன்றைக்கே கேட்டேன். பழைய பத்திரிகைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டு கேட்டேன்.

எத்தனை பேருக்குத் தெரியும், எனக்கு வீட்டிலேயே ஒரு எடிட்டர் இருந்தாள் என்று? சொல்லாமல் கொள்ளாமல் வந்து தங்கும் சொந்தக்காரர்களைப் பற்றி ஒருமுறை கொஞ்சம் காட்டமாக எழுதியிருந்தேன். அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விட்டாள். தங்கை மனசு சங்கடப்படும் என்று இருக்கும். அது இல்லாமலே கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு வாரம் வாசித்து முடித்துவிட்டு, "இந்த வாரம் கொஞ்சம் டல்லு. அவியளுக்கு ஒடம்புக்கு என்னமோ, ராத்திரி கேக்கணும்" என்றாள். கேட்டாளா என்று நினைவில்லை. கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். சமையல் குறிப்புகளை என் எழுத்தைவிட உற்சாகமாக வாசித்திருக்கிறாள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். "எள்ளு அரை கரண்டின்னு போட்டிருக்கான், நீ ஒரு கரண்டி போடு."

கடைசி வெள்ளிக்கிழமை. அன்று ராத்திரிதான் வாசித்திருக்கிறாள் போல. பாதி சமையல் குறிப்பில் பூட்டில் சாவி திரும்பும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம். அப்புறம் ஒரு ஆண் குரல்: "சாப்பாடு ஆச்சா?"

"அவிய வந்துட்டாவ. வைக்கேன், செல்வி."

அந்தப் பதினோரு பதிவிலும் சேர்த்து நான் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான்.

ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் ரயில் மாறி சயான் போய் இறங்கினேன். போனிலேயே அனுப்பியிருக்கலாம், எனக்குத் தெரியாததா? போகத் தோன்றியது. தாராவியில் செல்வியின் கோலிக்கு, அதாவது அவளுடைய ஒற்றை அறை வீட்டுக்கு, வழி மறந்துவிட்டிருக்குமோ என்று பார்த்தேன். கால் தானாகப் போயிற்று.

செல்வி மிஷினிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"வாங்க அத்தான். இப்பம்தான் வழி தெரிஞ்சுதா?"

ஸ்டூலைத் தள்ளிப்போட்டாள். உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அக்கா எம்மேல கோவத்துலயே போயிட்டாளா செல்வி?"

"கோவமா? ரெண்டு நாளு இருந்தா. பொறவு அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"வீட்டுல எங்கிட்ட பேசவே இல்லையே…"

"நீங்க கேட்டியளா?"

கேட்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அக்கா போன பொறவு ஒங்களுக்கு போன் பண்ணணும்னு தினம் நினைப்பேன். ஜாஸ்தி பேசுனா பிடிக்காதுன்னு நீங்கதான் புஸ்தகத்துல எழுதிட்டியளே. எதுக்கு டிஸ்டர்ப் பண்ணணும்னு விட்டுட்டேன்."

பார்த்தீர்களா? ஒரே கட்டுரை. இரண்டு வீட்டு போனை அணைத்துவிட்டது. உங்களில் நிறையப் பேர் ரசித்ததாக எழுதியிருந்தீர்கள்.

பதிவுகளைக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னேன். செல்வியிடமும் அவை இல்லை. போன மழையில் அவள் கோலிக்குள் தண்ணீர் வந்து போன் போய்விட்டது, புது போனில் எதுவும் வரவில்லை. திங்கட்கிழமைப் பதிவைப் போட்டேன். மிஷினை பந்த் பண்ணிவிட்டு, இரண்டு கையையும் துணி மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். "தோ மினிட் இரு செல்வி" என்று வந்த இடத்தில், "ம்" என்றாள்.

முடிந்ததும் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பத்திரிகை. அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி… நம்ம பத்திரிகைதான். இந்த வாரம் வரைக்கும்.

"ஒனக்குத்தான் வாசிக்க வராதே, எதுக்கு வாங்குத?"

"அக்கா படிக்கப்பம் பக்கத்த மிஷின்ல விரிச்சு வச்சுக்குவேன். ஒங்க போட்டோவப் பாத்துக்கிட்டே கேப்பேன். பழக்கம், விட முடியல. புள்ளையளும் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாதுங்குது. அப்படியே கெடக்கு."

பதினான்கு மாசம். அறுபது வாரத்துக்குப் பக்கம். வடிவு இல்லாத பிறகு, யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமலே நான் எழுதியது அத்தனையும், மூன்று ஸ்டேஷன் தள்ளி ஒரு பெட்டிக்குள் வாசிக்க ஆள் இல்லாமல் கிடந்திருக்கிறது.

மேலே இருந்த ஒன்றை உருவி, என் பக்கத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தேன். நாலு வரி தாண்டவில்லை.

"இம்புட்டு வேகமா போவாதிய அத்தான். அக்கா நிறுத்தி நிறுத்திப் படிப்பா."

நிறுத்தி நிறுத்திப் படித்தேன். சில இடங்களில் என் எழுத்து எனக்கே பிடிக்கவில்லை. அந்த வரிகளைத் தாண்டிப் போய்விட்டேன். வெளியே வந்தபோது தொண்டை கரகரவென்று இருந்தது. மூன்று மணி நேரம் பேசியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு வேலை செய்தேன். அடியில் கிடந்ததை எல்லாம் எடுத்து டிஸ்க்கில் பழையவற்றோடு சேர்த்தேன். இப்போது வரிசை நிற்கவில்லை, கடைசி வெள்ளிக்கிழமை வரை போகிறது. அடுத்து, அந்த நோஃபெயில் என்ற வார்த்தையை அழித்துவிட்டேன். இனி டிஸ்க் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் நிற்கட்டும், கத்தட்டும். வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டுமே.

இனி வெள்ளிக்கிழமைதோறும் இந்தப் பக்கத்தைச் செல்விக்கு போனில் நான்தான் வாசிக்கிறேன். நீங்கள் கண்ணால் படிக்கும் இதே வரிகளை, தாராவியில் ஒருத்தி மிஷின் மேல் பக்கத்தை விரித்துவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

செல்வி, என்னுது முடிஞ்சுது. பக்கத்தைத் திருப்பு… சமையல் குறிப்பையும் நானே படிக்கேன், எள்ளு எவ்வளவுன்னு நீ சொல்லு.